கொட்டை எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை

கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டி தருமபுரி நோக்கி 44ஆம் எண் நெடுஞ்சாலையில் பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகிறவர்கள் ஒன்றைப் பார்த்திருப்பார்கள், பார்த்தோம் என்ற நினைப்பே இல்லாமல். மாங்கூழ் கம்பெனி, என்ஜினீயரிங் காலேஜ், வீட்டுமனை விற்பவர், கிரானைட் யார்டு, பிரியாணிக் கடை என்று எந்த போர்டாக இருந்தாலும் அதில் இருக்கும் ஆங்கில எழுத்துக்கு ஏறக்குறைய ஒரே முகஜாடை: தடித்த கோடு, முழு வட்டமாக ஓ, முனைகளில் வாலும் கிடையாது கொக்கியும் கிடையாது. அதற்கு மேலேயோ கீழேயோ இருக்கும் தமிழ் மட்டும் அதோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். இந்தத் தடித்த வட்ட எழுத்து எங்கிருந்து வந்தது, எதற்கு உதவும், எதற்கு உதவாது, தமிழில் அதையே செய்யப் போனால் என்ன ஆகும் என்பதையெல்லாம் புதிதாக டிசைன் பழகுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பிளெக்ஸ் கடையில் போய் நின்று "அண்ணா, கொஞ்சம் போல்டா போடுங்க" என்று சொல்லிவிட்டு, அப்புறம் வந்ததைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பெயரை முதலில் பிரித்துவிடலாம். டைம்ஸ் நியூ ரோமனில் அடித்த ஏதாவது ஓர் ஆபீஸ் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தின் கோடு முடிகிற இடத்தில் எல்லாம் குறுக்கே பொடியாக ஒரு கோடு நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் செரிஃப். அது இல்லாத எழுத்து சான்ஸ் செரிஃப். அச்சு எழுத்தாக இது முதன்முதலில் வெளிவந்தது 1816இல், லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில், அதுவும் கேப்பிடல் எழுத்துகள் மட்டும். ஜியோமெட்ரிக் என்றால் அந்த சான்ஸ் செரிஃபிலேயே வட்டம், நேர்கோடு, முக்கோணம் இவற்றை எலும்புக்கூடாக வைத்துக் கட்டியது. போல்டு என்பது கோட்டின் தடிமன். மூன்றும் தனித்தனி விஷயங்கள். ஓர் எழுத்துரு ஜியோமெட்ரிக்காக இருந்துகொண்டே மெல்லியதாகவும் இருக்கலாம், தடியாக இருந்துகொண்டே செரிஃபோடும் இருக்கலாம். நாம் பேசப் போவது மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த எழுத்தைப் பற்றி.

இது கிளம்பியது 1920களின் ஜெர்மனியில். பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஹெர்பெர்ட் பேயர் 1925இல் கேப்பிடலே இல்லாத ஓர் எழுத்து வரிசையை வட்டத்தையும் நேர்கோட்டையும் வைத்தே வரைந்து காட்டினார். யாகோப் எர்பார் வரைந்த எழுத்துரு 1926இல் வந்தது, அடுத்த வருஷமே ருடால்ஃப் கோக்கின் காபெலும் பவுல் ரென்னரின் ஃபியூச்சுராவும் வந்தன. இதில் இன்றுவரை அசையாமல் நிற்பது ஃபியூச்சுராதான். ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த பாவர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் அதை வெளியிட்டது. ரென்னர் பௌஹவுஸ் ஆசிரியர் இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவரை 1933இல் நாஜிகள் கைது செய்து வேலையில் இருந்தும் நீக்கினார்கள். எழுத்துருவுக்காக இல்லை, அவர்களுடைய கலாச்சாரக் கொள்கையை எதிர்த்து அவர் எழுதிய ஒரு சிறு நூலுக்காக. 1969இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த தகட்டில் இருக்கும் எழுத்தும் ஃபியூச்சுராதான்.

ஜியோமெட்ரிக்கை அடையாளம் காண ஆங்கிலச் சின்ன ஏ (a) எழுத்தைப் பார்க்கச் சொல்வார்கள். ஃபியூச்சுராவிலும், எம்எஸ் ஆபீஸோடு வந்து பலருடைய கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிடக்கும் செஞ்சுரி காத்திக்கிலும் சின்ன ஏ என்பது ஒரு வட்டம், அதன் வலப்பக்கம் ஒரு குச்சி, அவ்வளவுதான், ஒன்றாம் வகுப்பில் நாம் எழுதப் பழகிய ஏ. ஆனால் கோதம், மான்செராட் என்ற எழுத்துருக்கள் இரண்டும் ஜியோமெட்ரிக்தான், அவற்றின் ஏ இரண்டு மாடி வைத்திருக்கும், கீழே ஒரு வயிறு, மேலே வளைந்த ஒரு கூரை. அதனால் நான் கேப்பிடல் ஓவைப் பார்க்கச் சொல்வேன். ஓ வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால், அதே மாதிரி வட்டத்தை அறுத்து சின்ன சி, இ, பி, டி எல்லாம் எடுத்த மாதிரி தெரிந்தால், கோட்டின் தடிமன் எங்கே பார்த்தாலும் ஒன்றாகத் தெரிந்தால், அது ஜியோமெட்ரிக். 1957இல் வந்த ஹெல்வெட்டிகாவில் ஓ முட்டை வடிவத்துக்குச் சாயும், அது வேறு கிளை. 1928இல் வந்த கில் சான்ஸ் லண்டன் சுரங்க ரயிலுக்காக வரைந்த எழுத்தின் வழியில் வந்தது, அதில் கைப்பழக்கம் தெரியும், அது இன்னொரு கிளை.

மேலே "தெரிந்தால்" என்று எழுதினேன், "இருந்தால்" என்று எழுதவில்லை. இங்கேதான் புதிதாகப் பழகுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளைத் திறந்து ஒரே உயரத்தில் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் போட்டு அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், வட்டம் குட்டையாகத் தெரியும். ஸ்கேல் வைத்தால் இரண்டும் ஒன்று, கண் ஒத்துக்கொள்ளாது. அதனால் எழுத்துரு வரைகிறவர்கள் ஓவை மேலேயும் கீழேயும் கொஞ்சம், உயரத்தில் சுமார் 1 முதல் 3 சதவீதம் வரை, கோட்டைத் தாண்ட விடுகிறார்கள். கேப்பிடல் ஏவின் கூர்முனைக்கும் இதே வைத்தியம். அப்புறம் ஒரே தடிமனில் படுக்கைக் கோடும் நிற்கிற கோடும் போட்டால் படுக்கைக் கோடுதான் தடியாகத் தெரியும், ஆகவே கேப்பிடல் டியின் (T) தலைக்கோட்டை அதன் தண்டைவிட ஒரு இழை மெலிதாக்குவார்கள். சின்ன என் (n) எழுத்தில் வளைவு தண்டோடு சேர்கிற மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், அங்கே கோடு மெலிந்திருக்கும், இல்லாவிட்டால் அந்த மூலையில் மை கொட்டின கறுப்புத் திட்டு தெரியும். காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைந்தது போலத் தோன்ற வேண்டுமென்றால் காம்பஸையும் ஸ்கேலையும் மீற வேண்டும். ரென்னரின் முதல் வரைவுகளில் சில எழுத்துகள் அப்பட்டமான வட்டமும் சதுரமுமாக இருந்தன, வெளியீட்டுக்கு வருவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை மாறிவிட்டன. கடைக்கு லோகோ போடும்போது எலிப்ஸ் டூலில் வட்டம் இழுத்து ஓ என்று வைத்துவிடுகிறவர்கள், அது ஏன் பக்கத்து எழுத்தோடு சேராமல் முழிக்கிறது என்று யோசிப்பதை விட்டு இந்தத் திருத்தங்களைச் செய்து பார்க்கலாம்.

இப்போது தடிமன். எழுத்துருவின் கனத்தை 100 முதல் 900 வரை எண் வைத்துச் சொல்வது வழக்கம்: 400 ரெகுலர், 600 செமி போல்டு, 700 போல்டு, 900 பிளாக். எண் ஏற ஏற எழுத்தின் உயரம் ஏறாது, கோடுதான் தடிக்கும். தடிக்கிற கோடு எங்கே போகும்? பாதி வெளியே போய் எழுத்தை அகலமாக்கும், மீதி உள்ளே வரும். தட்டு அதே தட்டுதான், களி உருண்டை மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால் குழம்பு ஊற்ற இடம் இருக்காது இல்லையா, அதுதான் 900இல் நடக்கிறது. ஓவுக்குள் இருக்கும் வெள்ளை, ஏவின் வயிற்று முக்கோணம், இயின் கண், எல்லாம் சுருங்கும். நாம் ஓர் எழுத்தை இன்னொன்றில் இருந்து பிரித்து அறிவதே பெரும்பாலும் அந்த வெள்ளையை வைத்துத்தான். இயின் கண் அடைத்துப்போனால் அது ஓ, சியின் வாய் மூடிக்கொண்டால் அதுவும் ஓ. தடித்த ஜியோமெட்ரிக் எழுத்துரு ஒன்றை நல்லதா மட்டமா என்று எடைபோட வேண்டுமானால் கறுப்பைப் பார்க்காதீர்கள், உள்ளே மிச்சம் இருக்கும் வெள்ளையைப் பாருங்கள். நல்ல எழுத்துருவில் அந்த வெள்ளைத் துண்டுகள் எல்லா எழுத்திலும் ஒரே அளவு வெளிச்சத்தோடு இருக்கும். இரண்டு எழுத்துக்கு நடுவில் விழும் வெள்ளைக்கும் இதே கணக்கு. ஃபெடெக்ஸ் கூரியர் வண்டியின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துக்கு நடுவே ஓர் அம்புக்குறி ஒளிந்திருக்கிறதே, 1994இல் லிண்டன் லீடர் செய்தது, அது ஃபியூச்சுரா போல்டையும் யூனிவர்ஸ் என்ற இன்னொரு எழுத்துருவையும் கலந்து, இடைவெளியை இழைத்து இழைத்து எடுத்தது. அந்த அம்பு முழுக்க வெள்ளையால் ஆனது.

சரி, இதை வைத்து என்ன செய்யலாம்? சத்தமாக, சுருக்கமாக ஒன்றைச் சொல்ல வேண்டிய எல்லா இடத்துக்கும் இது பொருந்தும். ஃபோக்ஸ்வேகன் கார் 1960களில் அமெரிக்காவில் செய்த விளம்பரங்கள் ஃபியூச்சுராவில்தான் பேசின. 1968இல் ஒரு பத்திரிகையின் பெயர்ப்பலகைக்காக ஹெர்ப் லுபாலின் செய்த எழுத்து, டாம் கார்னேஸும் சேர்ந்து 1970இல் அவாண்ட் கார்ட் காத்திக் என்ற முழு எழுத்துருவானது. 2008இல் ஒபாமா பிரச்சாரம் முழுக்க கோதம். 2015இல் கூகுள் தன் லோகோவில் இருந்த செரிஃபை எடுத்துவிட்டு ஜியோமெட்ரிக்குக்கு மாறியது, அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ கம்பெனிகள் அதே பக்கம் சாய்ந்து, இன்று செல்போன் திரையில் பாதி லோகோக்கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பியாகத் தெரிகின்றன. எனக்கு அது அலுத்துவிட்டது. ஆனால் காரணம் புரிகிறது. சின்னத் திரையிலும் பெரிய பலகையிலும் ஒரே உருவம் தாங்க வேண்டும், அதற்குச் சிக்கலில்லாத வடிவம்தான் வசதி.

கோதமும் மான்செராட்டும் பிறந்த இடம் நமக்கு சுவாரசியமானது. டோபியாஸ் ஃப்ரியர் ஜோன்ஸ் 2000இல் கோதமை வரைந்தபோது முன்மாதிரியாக எடுத்தது நியூயார்க் போர்ட் அத்தாரிட்டி பஸ் நிலையத்தின் முகப்பில் இருந்த எழுத்தை. ஜூலியட்டா உலானோவ்ஸ்கி மான்செராட்டை எடுத்தது பியூனஸ் அயர்ஸில் தன்னுடைய பேட்டையில் இருந்த பழைய போர்டுகளில் இருந்து. இரண்டுமே தெருவில் நடந்து பார்த்துப் பொறுக்கியவை. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் சுவரில் கையால் எழுதிய பழைய சிமெண்ட் விளம்பரமும் டீக்கடைப் பெயரும் வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கின்றன. யாராவது போட்டோவாவது எடுத்து வைக்கலாம்.

தூரக் கணக்குக்கு வருவோம். போர்டு செய்கிறவர்கள் சொல்லும் ஒரு பழைய அளவு உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் எழுத்து இருந்தால் சிரமமில்லாமல் வாசிக்கலாம். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. 60 மீட்டர் தூரத்தில் வாசிக்க ஆரம்பித்தால் போர்டைத் தாண்ட மூன்று நொடிகூட ஆகாது, அந்த 60 மீட்டருக்கு எழுத்து 20 அங்குலம் இருக்க வேண்டும், அதாவது ஒன்றேமுக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நேரத்துக்குள் டிரைவர் பார்த்து முடிக்கக்கூடியது இரண்டு மூன்று வார்த்தை. தொப்பூர் கணவாயில் இறங்குகிற லாரி டிரைவருக்கு அதுகூட அதிகம், அவர் போர்டைப் பார்க்காமல் ரோட்டைப் பார்ப்பதுதான் எல்லாருக்கும் நல்லது. ஆக, ஹோட்டல் பெயர், ஓர் அம்புக்குறி, இன்னும் எத்தனை கிலோமீட்டர், அவ்வளவு போதும். செல் நம்பர், ஜிஎஸ்டி எண், "எங்களிடம் கிடைப்பவை" பட்டியல் எல்லாம் ரோட்டைப் பார்த்த போர்டில் வீண். தடித்த ஜியோமெட்ரிக் எழுத்து அகலமானது வேறு, ஆகவே பலகையின் அகலம் மாறாமல் இருக்கும்போது 900 கனத்தைப் பிடித்தால் எழுத்தின் உயரத்தைக் குறைக்க வேண்டி வரும். 600க்கு இறங்கி எழுத்தைப் பெரிதாக்குவது பெரும்பாலும் அதைவிடத் தூரத்தில் தெரியும். இதைக் கடைக்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள், இரண்டையும் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, தெரு எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள்.

ராத்திரிக்கு இன்னொரு கணக்கு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, அதுவும் உள்ளே எல்இடி எரிகிற எழுத்து, உள்ளதைவிடத் தடியாகத் தெரியும், வெளிச்சம் ஓரங்களைத் தாண்டிக் கசியும். பகலில் அம்சமாக இருந்த 900 கனம் ராத்திரியில் ஒரு வெள்ளைக் கட்டியாக உருகிவிடும். எரிகிற எழுத்துக்கு ஒரு படி மெலிந்த கனம், எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் கூடுதல் இடைவெளி. மாறாக, ஸ்டிக்கர் கட்டிங்குக்கு இந்த எழுத்து வரம். பிளாட்டர் என்ற வெட்டும் மெஷின் வெட்டியபின் தேவையில்லாத வினைலை உரித்தெடுக்கும்போது மெல்லிய கோடுகள் கூடவே கிழிந்து வரும், தடித்த கோடு அசையாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். தக்காளிப் பெட்டி, சாக்கு, அட்டைப்பெட்டி மேல் ஸ்கிரீன் பிரிண்ட் போடுவதற்கும் அப்படியே, ஆனால் சாக்கில் மை பரவும், அதனால் உள் வெள்ளை பெரிதாக இருக்கும் எழுத்தாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உதவாத இடங்கள் நிறைய. பத்தி பத்தியாக வாசிக்க வேண்டிய எதையும் இதில் போடக் கூடாது. எல்லா எழுத்தும் ஒரே வட்டத்தில் இருந்து வந்ததால் ஒன்றுக்கொன்று ஜாடை அதிகம், கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காது, நாலு வரியில் அலுத்துவிடும். பல ஜியோமெட்ரிக் எழுத்துருவில் கேப்பிடல் ஐயும் சின்ன எல்லும் வெறும் குச்சிகள், பக்கத்தில் எண் ஒன்று வந்தால் கேட்கவே வேண்டாம். பாஸ்வேர்டு, வங்கியின் ஐஎஃப்எஸ்சி கோடு, மருந்துப் பெயர் இவற்றுக்கு இந்த எழுத்து ஆபத்து. கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பாட்டி பெயரில் இருந்து ஆரம்பித்து "தங்கள் நல்வரவை" வரை முழுக்க போல்டில் அடிக்கிறார்களே, அங்கே எல்லாமே கத்துவதால் எதுவுமே காதில் விழாது. மணமக்கள் பெயருக்கு மட்டும் கனம் கொடுத்துவிட்டு மற்றதை ரெகுலரில் விட்டால் தானாக எடுப்பாகிவிடும்.

இனிமேல்தான் நம் வீட்டுக் கதை. ஆங்கிலத்தில் கத்த வேண்டுமானால் கேப்பிடல் இருக்கிறது, எல்லாம் ஒரே உயரத்தில் சுவர் போல வரிசை கட்டும், தடித்த ஜியோமெட்ரிக் எழுத்து பலகையில் அத்தனை கம்பீரமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கேப்பிடல் வரிசை. தமிழில் கேப்பிடல் கிடையாது. கத்த வேண்டுமானால் கனமும் அளவும் நிறமும்தான். அதனால் தமிழ் பலகைகளில் கனத்தின் மேல் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிடுகிறோம், அது தாங்குவதில்லை.

ஏன் தாங்குவதில்லை என்று பார்க்க வெளியே போக வேண்டாம், "கிருஷ்ணகிரி" என்று அடித்துப் பாருங்கள். மூன்று மேல்விலங்கு (கி, ரியின் தலையில் இருக்கும் வளைவு), ரு வேறு, நடுவில் புள்ளி வைத்த ஷ், அதை ஒட்டி மூன்று சுழி ண. ண ஒன்றிலேயே ஆங்கில ஓவைப் போல ஒரு வெள்ளை இல்லை, சுழிக்குள், சுழிகளுக்கு நடுவில், வளைவுக்கு அடியில் என்று வெள்ளை பல துண்டாகக் கிடக்கிறது. கனம் ஏறும்போது அத்தனை துண்டும் ஒரே நேரத்தில் அடைபடும். இதே ஊர்ப் பெயரை ஆங்கிலக் கேப்பிடலில் 900 கனத்தில் போட்டால் சுகமாக வாசிக்கலாம், தமிழில் 900 போட்டால் ஷ்ணவில் போய் மாட்டிக்கொள்ளும். "தருமபுரி" அவ்வளவு சிரமம் தராது, ர, ப, ம எல்லாம் நேர்கோட்டு எழுத்துகள், உள்ளே காற்றோட்டம் உண்டு. ஒரு தமிழ் எழுத்துரு போல்டில் தாங்குமா என்று சோதிக்க நான் கிருஷ்ணகிரியைத்தான் முதலில் அடிப்பேன், கூடவே "கண்ணன்" என்றும் அடித்துப் பார்ப்பேன், மூன்று சுழியும் இரண்டு சுழியும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது வித்தியாசம் தெரிகிறதா என்று.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஒரே தடிமன் கோடு என்பது தமிழுக்கு ஜெர்மனியில் இருந்து வர வேண்டிய சமாச்சாரமே இல்லை. ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டுக்கு ஏது தடிமன் வித்தியாசம்? தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்தால் வட்டெழுத்தில் வெட்டிய வரிகள் இருக்கும், உளி போன தடம் ஏறக்குறைய ஒரே அகலத்தில் வளைந்து வளைந்து போகும். அச்சு வந்தபின் ஈய எழுத்தில்தான் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிகிற பழக்கம் ஊறியது. ட, ப, ர மூன்றும் நேர்கோடு, ல, ள, ண, ன வளைவு, ஆக ஜியோமெட்ரிக்காகக் கட்டத் தேவையான சரக்கு எழுத்திலேயே இருக்கிறது. கோடு ஒன்றுபோல ஓடுவது நமக்குப் பொருந்தும், கோடு தடிப்பதற்குத்தான் எல்லை உண்டு.

உயரத்தையும் மறந்துவிடக் கூடாது. ஆங்கிலக் கேப்பிடல் வரிசைக்கு மேலும் கீழும் ஒன்றும் நீளாது, தமிழில் கி, கீ மேலே ஏறும், கு, சூ, ழு கீழே இறங்கும், மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி. 1978 சீர்திருத்தத்துக்குப் பிறகு லை, னை, ணை எல்லாம் தனி இணைக்கொம்பு போட்டு எழுதுவதால் வாசிக்க எளிதாயிற்று, அகலம் கூடிவிட்டது. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே தமிழுக்கு வைத்தால் மேல் வரியின் சூவும் கீழ் வரியின் கீயும் முட்டிக்கொள்ளும். புள்ளியை மட்டும் தனியாகச் சோதிக்கவும், கனமான எழுத்துருவில் புள்ளி பெருத்து எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டால் மெய் உயிர்மெய்யாகிவிடும், தூரத்தில் இருந்து க்கும் கவும் ஒன்று. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுகிற வசதியைத் தமிழில் தாராளமாகப் பயன்படுத்தாதீர்கள், சில மென்பொருள்கள் "கொ"வின் கொம்பையும் ககரத்தையும் துணைக்காலையும் மூன்று தனி எழுத்தாக நினைத்துப் பிரித்து எறிந்துவிடும்.

கடைப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி, ஆகவே இரண்டு மொழியும் ஒரே பலகையில் வரத்தான் போகின்றன. அப்போது இரண்டுக்கும் ஒரே கன எண்ணை வைப்பதைவிடக் கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரிவதைப் பாருங்கள். ஆங்கிலம் 700 என்றால் தமிழ் 600 போதும், அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஓசூரில் கன்னடமும் தெலுங்கும் சேர்ந்து வரும், அவை இரண்டும் ஏற்கெனவே வட்டமானவை, தமிழைவிட ஜியோமெட்ரிக் எழுத்தோடு சுலபமாகச் சேர்ந்துகொள்ளும்.

எங்கே எடுப்பது? ஃபியூச்சுராவும் கோதமும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. இலவசமாக, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு கூகுள் ஃபான்ட்ஸில் மான்செராட், பாப்பின்ஸ், ஃபியூச்சுரா ஜாடையில் ஜோஸ்ட், தடித்த தலைப்புக்கென்றே வந்த லீக் ஸ்பார்ட்டன் எல்லாம் கிடைக்கின்றன. பாப்பின்ஸை வெளியிட்டது இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி, அதில் தேவநாகரி உண்டு, தமிழ் இல்லை. அதனால் பாப்பின்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழை அடித்தால் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் வேறு ஏதோ ஒரு தமிழ் எழுத்தை எடுத்து வைத்துக்கொள்ளும், பல போர்டுகளில் தமிழ் ஒட்டாமல் நிற்பதற்கு இதுவே காரணம். தமிழுக்கு பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டமரான் 100 முதல் 900 வரை எல்லாக் கனத்திலும் கிடைக்கிறது, ஆங்கிலமும் தமிழும் ஒரே கையால் வந்தவை என்பதால் சேர்ந்து நிற்கும். மும்பையின் எக் டைப் செய்த முக்தா மலர், அனெக் தமிழ் இரண்டும் நல்லவை. குண்டாக, குழந்தைத்தனமாக வேண்டுமென்றால் அவர்களுடைய பாலூ தம்பி இருக்கிறது, ஓசூர்க்காரர்களுக்குக் கன்னடத்தில் பாலூ தம்மா, தெலுங்கில் பாலூ தம்முடு என்று முழுக் குடும்பமும் உண்டு. அது கறாரான ஜியோமெட்ரிக் கிடையாது, ஐஸ்கிரீம் கடைக்கு அழகு, வக்கீல் ஆபீசுக்கு வேண்டாம்.

கடைசியாக ஃபைல் விஷயம். போல்டு இல்லாத எழுத்துருவில் கன்ட்ரோல் பி அழுத்தினால் மென்பொருள் தானாக எழுத்தை உப்ப வைக்கும், அது நிஜ போல்டு இல்லை, மூலைகளில் எந்தத் திருத்தமும் இருக்காது, ணவின் சுழிகள் முதலில் போகும். கோரல் டிராவில் அதே நிறத்தில் அவுட்லைன் ஏற்றித் தடிமனாக்குவதும் இதே கதைதான். பிளெக்ஸ் கடைகளில் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துமுறையில் வேலை செய்கிறார்கள், நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோட் வரியை அவர்கள் மாற்றித்தான் போடுவார்கள், மாற்றியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள். பழைய போட்டோஷாப்பாக இருந்தால் டைப் அமைப்பில் தெற்காசிய மொழி ஆதரவை ஆன் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நீங்களே டிசைன் செய்து கொடுப்பதானால் அனுப்புவதற்கு முன் எழுத்தை எல்லாம் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிவிட்டு, மாற்றாத காப்பி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாசம் செல் நம்பர் மாறும்போது வேண்டியிருக்கும்.